பிளாஸ்டிக் கழிவிலிருந்து ஊருக்கு வேலை: மகளிர் குழுக்களும் ஊராட்சிகளும் கேட்கும் கேள்விகள்

ஊரில் சேரும் பிளாஸ்டிக்கைத் திரட்டி, தரம் பிரித்து, விற்று அதிலிருந்து நாலு பேருக்கு வேலை கொடுக்க முடியுமா என்று யோசிக்கும் குழுக்களுக்காக எழுதியது இது. அரசு ஆணைகளில் இதற்கு ‘நெகிழி’ என்று பெயர். எடைக்கு எடுக்கும் கடையில் அந்தச் சொல் செல்லாது என்பதால் இங்கே பிளாஸ்டிக் என்றே எழுதியிருக்கிறேன்.

பிளாஸ்டிக்கைச் சேர்த்து விற்றால் ஒரு குழு பிழைக்க முடியுமா?

விற்பனையை மட்டும் நம்பினால் முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ‘குப்பையில் கோடி’ என்று யாராவது பேசுவதைக் கேட்டுவிட்டுக் கடன் வாங்கி இயந்திரம் இறக்கியவர்கள்தான் பிறகு அதிகம் நொந்துபோகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஆயிரம் வீடுகள் உள்ள ஊராட்சி. வீட்டுக்கு மாதம் ஒன்றரைக் கிலோ பிளாஸ்டிக் வருகிறது என்று வையுங்கள். மொத்தம் 1,500 கிலோ. அதில் 900 கிலோ விலை போகும். சராசரியாகக் கிலோவுக்கு 15 ரூபாய் கிடைத்தால் 13,500 ரூபாய். மீதி 600 கிலோவை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். வீடு வீடாகப் போகவும் பிரிக்கவும் நான்கு பேர் வேண்டும். ஆளுக்கு நாள் கூலி 400 ரூபாய், மாதம் 25 நாள் என்றால் 40,000 ரூபாய். ஆக, 26,500 ரூபாய் பள்ளம். வண்டிக்கு டீசல், மின்சாரம், கையுறை எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை.

இப்போது வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் கட்டணம் என்று வைத்து, ஆயிரத்தில் 700 வீடுகள் மட்டும் கொடுத்தாலும் 35,000 ரூபாய் வந்துவிடுகிறது. விற்பனையையும் சேர்த்தால் 48,500. கூலி போக 8,500 ரூபாய் கையில் நிற்கும். கழிவைச் சேகரிப்பது ஊருக்குச் செய்யும் சேவை. அந்தச் சேவைக்கு யாராவது கூலி கொடுக்க வேண்டும். வீடுகள் கொடுக்கலாம், ஊராட்சி கொடுக்கலாம், இரண்டும் சேர்ந்து கொடுக்கலாம். இந்தத் திட்டத்தில் எனக்குத் தெரிந்த சூட்சுமம் இது ஒன்றுதான். கீழே வரும் பதில்களில் பலவும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

அப்படியானால் காயலான் கடைக்காரர் மட்டும் எப்படி லாபம் பார்க்கிறார்?

விலை போகும் சரக்கை மட்டும் எடுக்கிறார், அதனால். பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்தே இந்தத் தொழிலின் இலக்கணம் அதுதான். உங்கள் தெருவில் கிடக்கும் பிஸ்கெட் உறையை எடுக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. பொறுக்கிக் கொண்டுவருபவருக்கும் அவர் எடைக்குத்தான் காசு கொடுக்கிறார். வெயிலில் எட்டு மைல் நடந்ததற்குக் கொடுப்பதில்லை. சேகரிக்கும் உழைப்பு அங்கே கணக்கிலேயே இல்லை. அதனால்தான் அவருடைய கணக்கு நேராகிறது. குழுவுக்கோ நல்லதும் கெட்டதும் சேர்த்து அள்ள வேண்டிய பொறுப்பு.

அதற்காக அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். முதல் ஒரு வருடம் உங்கள் சரக்கை வாங்கப்போவது அநேகமாக அவர்தான். எந்தச் சரக்குக்கு என்ன பெயர், எது எங்கே போகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

எந்தப் பிளாஸ்டிக்குக்கு விலை உண்டு?

பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஏதாவது ஓர் எண் இருக்கும். அது தரத்தைச் சொல்லும் எண் என்று பலர் நினைக்கிறார்கள். அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதைத்தான் சொல்கிறது.

எண் 1, பெட். தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில். நிறமில்லாத பெட்டுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. பச்சைக்கு அதைவிடக் குறைவு. ஒரு லிட்டர் காலி பாட்டில் இருபது, இருபத்தைந்து கிராம் இருக்கும். அதாவது கிலோவுக்கு நாற்பது, ஐம்பது பாட்டில் சேர வேண்டும். இவை கழுவிச் செதில்களாகி, பிறகு பாலியஸ்டர் இழையாகின்றன. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்துவந்த நீல நிற மேல்சட்டை நினைவிருக்கலாம். பழைய பெட் பாட்டிலிலிருந்து செய்த அந்தத் துணி கரூரிலிருந்து போனது.

எண் 2, எச்.டி. ஷாம்பு பாட்டில், பினாயில் பாட்டில், எண்ணெய் கேன். கெட்டியாக இருக்கும், நல்ல விலை போகும். எண் 5, பி.பி. டப்பா மூடி, சாப்பாட்டு டப்பா, உடைந்த நாற்காலி, சிமெண்ட் சாக்கு. இதற்கும் விலை உண்டு.

எண் 4, எல்.டி. இதில் அரசி பால் கவர். தமிழ்நாட்டு வீடுகளில் பால் கவரை அலசிக் காயவைத்து, சேர்த்து எடைக்குப் போடும் வழக்கம் எந்த விழிப்புணர்வு இயக்கமும் வருவதற்கு முன்பே இருக்கிறது. மறுசுழற்சிக்கு நம் அம்மாக்கள் வைத்த பெயர் சிக்கனம். ஒரு கிலோவுக்கு முந்நூறு கவருக்கு மேல் வேண்டும் என்றாலும், சுத்தமாக வரும் ஒரே மெல்லிய பிளாஸ்டிக் அதுதான்.

எண் 3, பி.வி.சி. குழாய்த் துண்டுகளாக வந்தால் தனியாக விற்கலாம். மற்றச் சரக்கோடு கலந்துவிட்டால் அதுதான் வில்லன். காரணம் கீழே வருகிறது. எண் 6 தெர்மாகோல் வகை: எடையே இல்லை, இடத்தை மட்டும் அடைக்கும். எண் 7 என்பது ‘இதர’ என்ற மூட்டை.

விலையை நான் இங்கே எழுதவில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது அது மாறியிருக்கும். மூன்று கடைகளில் கேளுங்கள்.

எண் இல்லாத பொருளை எப்படி அடையாளம் காண்பது?

ஒரு வாளித் தண்ணீர் போதும். பி.பி., எச்.டி., எல்.டி. மூன்றும் தண்ணீரைவிட லேசானவை. சிறு துண்டாக வெட்டிப் போட்டால் மிதக்கும். பெட்டும் பி.வி.சி.யும் மூழ்கும். எண் 6 வகையில் கெட்டியாக வரும் கரண்டி, கோப்பை போன்றவையும் தண்ணீரில் மூழ்கும். ஆனால் உப்பை நிறையக் கரைத்துவிட்டால் மேலே வந்துவிடும். பெரிய ஆலைகளில் தொட்டி வைத்துச் செய்வதும் இதே வேலைதான். பெட் பாட்டிலை நொறுக்கும்போது அதன் மூடித் துண்டுகள் மிதந்து தனியாக வருவது இந்தக் குணத்தால்தான்.

சிலர் கொளுத்தி மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள். பழகிய கைகள் அவை, உண்மைதான். ஆனால் அந்தப் பரீட்சையை நீங்கள் எழுத வேண்டாம். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும், டையாக்சின் வகை நச்சும் வரும். மூக்கைவிட வாளி மலிவு.

தரம் பிரிப்பதில் அப்படி என்ன வந்துவிடப்போகிறது?

கலப்படச் சரக்கு ஒரு விலை, பிரித்த சரக்கு இன்னொரு விலை. இடையில் உள்ள வித்தியாசம்தான் உங்கள் குழுவின் கைவேலைக்குக் கிடைக்கும் கூலி. மூடியைக் கழற்றி, கழுத்து வளையத்தை வெட்டி, லேபிளை உரித்து, நிறம் பிரித்துக் கொடுத்தால் வாங்குபவர் பேரம் பேச இடம் குறையும்.

லேபிள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே கவனம் வேண்டும். சில பாட்டில்களில் சுருங்கி ஒட்டியிருக்கும் உறை பி.வி.சி.யால் ஆனது. பெட் உருகுவதற்குச் சுமார் 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டை பி.வி.சி. தாங்காது, சிதைந்து அமிலத்தைக் கக்கி, மொத்தச் சரக்கையும் மஞ்சளாக்கிவிடும். பெட்டும் பி.வி.சி.யும் இரண்டுமே தண்ணீரில் மூழ்குபவை என்பதால் தொட்டியில் போட்டும் பிரிக்க முடியாது. ஒரு மூட்டையில் நாலு துண்டு கிடைத்தாலும் ஆலைக்காரர் முழு லோடையும் திருப்பி அனுப்பக்கூடும். வண்டி வாடகை இரண்டு பக்கமும் உங்கள் தலையில்.

என்ன இயந்திரம் முதலில் வாங்க வேண்டும்?

பெரும்பாலோர் துகளாக்கும் இயந்திரம் என்கிறார்கள். சரக்கை அழுத்திக் கட்டாகக் கட்டும் பேல் இயந்திரம் என்பது என் பதில். அதற்கும் முன்னால் ஒரு நல்ல எடை மேடை, பிரிக்கும் மேசை, மழை படாத கூரை.

நசுக்காத பெட் பாட்டில்கள் ஒரு கன மீட்டர் இடத்தில் 30 கிலோகூடத் தேறாது. அதை வண்டியில் ஏற்றினால் நீங்கள் வாடகை கொடுத்துக் காற்றை அனுப்புகிறீர்கள். அழுத்திப் பேல் கட்டினால் அதே இடத்தில் பத்து மடங்கு அளவுக்குச் சரக்கு போகும். நேரடியாக ஆலைக்கு அனுப்பும் தெம்பு அப்போதுதான் வரும். இடைத்தரகர் ஒருவர் குறைவார்.

துகளாக்கும் இயந்திரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நொறுக்கிய பிறகு என்ன சரக்கு என்று வாங்குபவர் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உங்களை அறியாதவர் நம்ப மாட்டார். பிளேடு மழுங்கும், தீட்ட ஆள் கிடைக்காது, மும்முனை மின்சாரம் வேண்டும். நான் போன ஓர் ஊரில் அப்படி ஓர் இயந்திரம் கொட்டகை மூலையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. அதன்மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்த இயந்திரத்தால் பலன் கண்ட ஒரே ஜீவன் அதுதான்.

பிளாஸ்டிக் சாலைக்குக் கொடுக்கலாம் என்கிறார்களே?

கொடுக்கலாம், இது நம் ஊர்க் கண்டுபிடிப்பும்கூட. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறை இது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஜல்லியைச் சுமார் 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் துகளாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லிக்கு மேல் மெல்லிய பூச்சாகப் படியும். அதற்குப் பிறகே தார். பிளாஸ்டிக் பூசிய கல்லில் தண்ணீர் இறங்குவது குறைகிறது, தார் நன்றாகப் பிடிக்கிறது. தாரின் எடையில் ஆறு முதல் எட்டு சதவீதம் வரை பிளாஸ்டிக் சேர்க்கலாம். ஒற்றை வழிச் சாலையில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பிடிக்கும்.

இதில் குழுக்களுக்கு உள்ள நன்மை, வேறு யாரும் வாங்காத மெல்லிய கவர்கள் இங்கே செல்லும் என்பது. தமிழ்நாட்டில் ஊரகச் சாலைப் பணிகளுக்காக மகளிர் சுயஉதவிக் குழுக்கள் துகளாக்கிக் கொடுத்த ஏற்பாடும் இருந்தது. பி.வி.சி. இங்கும் ஆகாது.

ஆனால் ஒரு டன் துகள் கைவசம் இருக்கும்போது சாலைப் பணி இருக்காது. பணி வரும்போது ஒப்பந்ததாரருக்கு அவசரம், வெளியிலிருந்து வாங்கிக்கொள்வார். ஊரக வளர்ச்சித் துறையிடமிருந்து எழுத்தில் ஆணை இருந்தால் செய்யுங்கள். வாய்வார்த்தையை நம்பி மூட்டை மூட்டையாகத் துகளைச் சேர்த்துவைக்காதீர்கள். எலி கடித்தால் மறுபடி கூட்டி அள்ளவும் முடியாது.

பிஸ்கெட் உறை, சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே?

இவை பல அடுக்குகளை ஒட்டிச் செய்தவை. பிளாஸ்டிக், அதன்மேல் அலுமினியப் பூச்சு, மறுபடி பிளாஸ்டிக். பிரித்தெடுக்கச் செலவு அதிகம், கிடைப்பது சொற்பம். எந்தக் கடையும் எடுக்காது. நடைமுறையில் இவை போவது சிமெண்ட் ஆலைச் சூளைக்கு, நிலக்கரிக்குப் பதில் எரிபொருளாக. அரியலூர் பக்கத்து ஆலைகளுக்குத் தமிழகத்து உள்ளாட்சிகளின் எரியக்கூடிய கழிவு இப்படித்தான் போகிறது.

இதில் வருமானம் எதிர்பார்க்காதீர்கள். ஏற்றி அனுப்பும் செலவை உள்ளாட்சி ஏற்றுக்கொள்கிறதா என்பதை மட்டும் தொடக்கத்திலேயே தீர்மானமாக எழுதி வாங்கிவிடுங்கள். இந்த ஒரு வரி விட்டுப்போனதால் கொட்டகை நிரம்பி, ‘இதற்குமேல் வைக்க இடமில்லை’ என்று குழு நின்றுபோவதுதான் வழக்கமான கதை.

பக்கத்து மாநிலங்களில் இதைச் சரியாகச் செய்தவர்கள் உண்டா?

கேரளத்தைப் பார்க்கலாம். அங்கே ‘ஹரித கர்ம சேனை’ என்று ஒரு படை. கேரள அரசின் மகளிர் குழு இயக்கமான குடும்பஸ்ரீயின் பெண்களிலிருந்து ஊராட்சியும் நகராட்சியும் திரட்டியது. இன்று மாநிலம் முழுவதும் 30,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். பச்சை மேலங்கி அணிந்து வீடு வீடாகப் போய் அலசிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்குகிறார்கள். ஊராட்சிப் பகுதியில் வீட்டுக்கு மாதம் குறைந்தது 50 ரூபாய் கட்டணம். அந்தக் கட்டணம்தான் வருமானத்தின் முதுகெலும்பு. திரட்டியதை அரசு நிறுவனமான கிளீன் கேரளா கம்பெனி எடுத்துக்கொள்கிறது. பிரித்துக் கொடுத்த சரக்குக்குப் பணம் தருகிறது.

‘எங்கள் வீட்டுக் குப்பையை எடுக்க நாங்கள் எதற்குக் காசு தர வேண்டும்’ என்று அங்கேயும் சண்டை நடந்தது. கொடுக்காதீர்கள் என்று வாட்ஸாப்பில் பிரசாரமே ஓடியது. 2023 மார்ச்சில் கொச்சிக்கு அருகே பிரம்மபுரம் குப்பை மேடு பற்றி எரிந்து, நகரமே பத்து நாட்களுக்கு மேல் புகையில் மூச்சுத் திணறியது. அதன் பிறகு அரசு இறுக்கிப் பிடித்தது; சட்டத்தைத் திருத்தி, கட்டணம் கொடுக்காத வீட்டிடம் வசூலிக்க வழி செய்தது. சேனைப் பெண்களின் கை அப்போதுதான் ஓங்கியது.

ஒரு கொசுறுச் செய்தி. அதே வருடம் ஜூலையில் மலப்புறம் மாவட்டம் பரப்பனங்காடியில் சேனைப் பெண்கள் பதினொரு பேர் கைக்காசைத் திரட்டி 250 ரூபாய்க்கு ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கினார்கள். பத்துக் கோடி ரூபாய் விழுந்தது. தமிழ்நாட்டில் லாட்டரி இல்லாததால் இதை நாம் பின்பற்ற முடியாது. கட்டண முறையைப் பின்பற்றலாம்.

ஏற்கெனவே குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்கள் ஊரில் இருக்கிறார்களே, அவர்கள் என்ன ஆவார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி. திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் காணாமல் போகும் கேள்வியும்கூட. புதிதாகக் குழு அமைத்து, பச்சை வண்டி விட்டு, நல்ல சரக்கையெல்லாம் வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொண்டால், இருபது வருடமாகத் தெருவில் பொறுக்கி வந்த பெண்ணின் அடுப்பு அணைந்துவிடும். நாலு பேருக்கு வேலை கொடுத்தோம் என்று பதிவேட்டில் எழுதுவோம். ஆறு பேர் வேலை இழந்தது எந்தப் பதிவேட்டிலும் வராது.

புனே நகரம் இதற்கு வழி காட்டியது. அங்கே 1993இல் குப்பை பொறுக்குபவர்கள் சேர்ந்து ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்’ என்று சங்கம் அமைத்தார்கள். காகிதம், கண்ணாடி, தகரம் எடுக்கும் உழைப்பாளிகளின் சங்கம் என்று பொருள். பெரும்பாலோர் பெண்கள், அதிலும் பெரும்பாலோர் தலித்துகள். சங்கம் கொடுத்த அடையாள அட்டைக்கு மாநகராட்சி ஒப்புதல் கொடுத்தது. ‘திருட்டுச் சரக்கா’ என்று போலீஸ் மிரட்டும்போது எடுத்துக் காட்ட ஓர் அட்டை இருந்தது என்றால் அது சிறிய விஷயமில்லை. பிறகு அதே பெண்களைக் கொண்டு ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு அமைப்பு உருவானது. 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம். வீடுகள் கட்டணம் கொடுக்கின்றன. விலை போகும் சரக்கைப் பெண்களே விற்றுப் பணத்தை வைத்துக்கொள்கிறார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் இருக்கிறார்கள். குப்பை மேட்டில் குனிந்து பொறுக்கியவர்கள் வீட்டு வாசலில் நின்று வாங்கும் நிலைக்கு வந்தார்கள். பெங்களூரில் ‘ஹசிரு தளா’ அமைப்பும் இதே வழியில், உலர்கழிவு மையங்களைப் பொறுக்குபவர்களே நடத்தும்படி செய்திருக்கிறது.

எனவே குழுவில் ஆள் சேர்க்கும் முன் காயலான் கடை வாசலில் காலை ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள். மூட்டையோடு வருபவர்களில் யாருக்கு விருப்பம் என்று கேளுங்கள். குழுத் தலைவியின் நாத்தனாரை அதற்குப் பிறகு சேர்க்கலாம்.

விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

பழைய பிளாஸ்டிக்கின் போட்டியாளர் புதுப் பிளாஸ்டிக். புதுப் பிளாஸ்டிக் பிறப்பது கச்சா எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும். எண்ணெய் விலை சரிந்தால் புதுச் சரக்கு மலிவாகும். ஆலைக்காரருக்குப் பழையதை வாங்கிக் கழுவ வேண்டிய தேவை குறையும். 2020 ஏப்ரலில் அமெரிக்க எண்ணெய் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. அந்த மாதங்களில் எடைக் கடைகள் பட்ட பாட்டை வியாபாரிகளைக் கேளுங்கள். வளைகுடாவில் நடப்பது உங்கள் ஊர் மூட்டையின் விலையைத் தீர்மானிக்கிறது. கூலியை விற்பனையோடு மட்டும் முடிச்சுப்போடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கம்பெனிகள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே?

இருக்கிறது. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016இல் வந்தன. 2022 பிப்ரவரியில் அதில் உற்பத்தியாளர் பொறுப்பு குறித்த விரிவான நெறிமுறை சேர்ந்தது, வழக்கில் ‘இ.பி.ஆர்.’ என்கிறார்கள். சந்தையில் உறையாக இறக்கிவிடும் பிளாஸ்டிக்குக்கு ஏற்ப, குறிப்பிட்ட அளவு மறுசுழற்சி ஆனதற்கான சான்றிதழைக் கம்பெனி காட்ட வேண்டும். சொந்தமாகச் செய்யாவிட்டால் அந்தச் சான்றிதழை விலைக்கு வாங்கலாம்.

ஆனால் சான்றிதழை உருவாக்க முடிவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையால்தான். சேகரித்துப் பிரிக்கும் குழுவுக்கு அந்த உரிமை கிடையாது. வாசலில் நின்று வாங்கிய பெண்ணின் உழைப்பில் பிறந்த சான்றிதழ், அவளுக்குத் தெரியாமலே கைமாறுகிறது. இது விதியின் ஓட்டை என்றே நினைக்கிறேன். குழு செய்யக்கூடியது ஒன்று உண்டு: பதிவு பெற்ற ஆலைக்கு நேரடியாக விற்று, ரசீது, எடைச் சீட்டு எல்லாம் வைத்துக்கொண்டு, சான்றிதழுக்காகக் கிலோவுக்குக் கூடுதலாக ஒரு தொகை கேட்டுப் பேரம் பேசுவது. ஒரு குழு கேட்டால் சிரிப்பார்கள். ஒன்றியத்தில் உள்ள குழுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே சரக்காகக் கேட்டால் பேச்சு மாறும்.

தமிழ்நாட்டில்தான் பிளாஸ்டிக் தடை இருக்கிறதே, சரக்கே இல்லாமல் போகாதா?

2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது பதினான்கு வகை ஒருமுறைப் பொருட்களுக்கு: கடையில் கொடுக்கும் கேரி பேக், தட்டு, கோப்பை, உறிஞ்சுகுழல் போன்றவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எடைக் கடையில் எப்போதுமே மதிப்பில்லை. அவை ஒழிந்தால் உங்கள் வேலை சுலபமாகும். பால் கவரும் எண்ணெய் கேனும் எங்கும் போகவில்லை. மஞ்சப்பை வந்ததால் எந்தக் குழுவும் நஷ்டப்படாது.

கழிவிலிருந்து ஓடு, பேவர் பிளாக், பெஞ்ச் செய்து விற்கலாமா?

செய்பவர்கள் இருக்கிறார்கள். ‘பிரெஷஸ் பிளாஸ்டிக்’ என்ற நெதர்லாந்து முயற்சி 2013 முதல் சிறு இயந்திரங்களின் வரைபடங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று வெளியிடுகிறது. கைத்திறன் உள்ள ஒரு லேத் பட்டறை அதைப் பார்த்துச் செய்துவிடும். ஆனால் பொருள் செய்வது வேறு தொழில், விற்பது அதைவிட வேறு தொழில். கண்காட்சியில் பத்துச் சாவிக்கொத்து போவதை வைத்துச் சம்பளம் போட முடியாது. உருக்கும் இடத்தில் காற்றோட்டம் இல்லையென்றால் புகை யார் நெஞ்சில் இறங்கும் என்பதையும் பாருங்கள். இரண்டு வருடம் சேகரிப்பை ஒழுங்காக நடத்திய பிறகு யோசிக்கலாம்.

வேலை செய்பவர்களின் உடம்புக்கு என்ன பாதுகாப்பு?

கையுறை, மூடிய காலணி, தடுப்பூசி. டெட்டனஸும் ஹெப்பாடிட்டிஸ்-பி தடுப்பூசியும் வேலையில் சேரும் நாளே போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தரையில் குந்தியிருந்து பிரிக்கவிடாதீர்கள். இடுப்பு உயர மேசை கொத்தனாரிடம் சொன்னால் ஒரு நாளில் கட்டிவிடுவார். முதுகு தப்பும், பிரிக்கும் வேகமும் கூடும்.

மிக அருவருப்பானதும் ஆபத்தானதும் சானிடரி நாப்கின், டயப்பர், ஊசி. புனேயில் ‘சிவப்புப் புள்ளி’ என்று ஓர் எளிய ஏற்பாடு செய்தார்கள்: நாப்கினையும் டயப்பரையும் காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்பில் ஒரு புள்ளி வைத்துக் கொடுக்க வேண்டும். எடுப்பவர் கையால் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு சிவப்புப் பேனாவின் செலவு. ஒவ்வொரு வீட்டிலும் இதைச் சொல்லிக் கொடுப்பதற்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்கலாம், தகும்.

வருமானத்தை எப்படிப் பங்கிடுவது?

எடைக்குத் தகுந்த கூலி என்று வைத்தால் நாப்கினையும் சாஷேயையும் யாரும் தொட மாட்டார்கள். எல்லோரும் பெட் பாட்டிலுக்கு ஓடுவார்கள். எனவே நாள் கூலி நிரந்தரம், விற்பனையில் செலவு போக மிஞ்சுவதை வருகைப் பதிவேட்டின்படி மாதக் கடைசியில் பங்கு. எடைச் சீட்டைக் கொட்டகைச் சுவரிலேயே ஒட்டிவிடுங்கள். நோட்டு யார் வீட்டிலோ பீரோவில் இருந்தால் மூன்றாவது மாதம் சண்டை உறுதி.

எங்கள் ஊரில் மொத்தமே 150 வீடுதான். தொடங்கலாமா?

தனியாக வேண்டாம். வாரம் ஒரு நாள் சேகரித்து, கூரைக்கு அடியில் சாக்கில் வைத்திருங்கள். அதற்கு ஒருவருக்குப் பகுதிநேர வேலை போதும். பேல் கட்டுவதும் விற்பதும் ஒன்றிய அளவில் நடக்கட்டும். தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு இரண்டாம் கட்டத்தில் ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகு அமைக்க 16 லட்சம் ரூபாய் வரை இடம் வைத்திருந்தார்கள். உங்கள் ஒன்றியத்தில் அது அமைந்துவிட்டதா, எந்த ஊரில், வண்டி எந்தக் கிழமை வரும், ஏற்றும் செலவு யாருடையது என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வாருங்கள். சாக்கு அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.